இருமூட்டுத் தொடைத் தசைகள்

இருமூட்டுத் தொடைத் தசைகள் என்பவை இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு ஆகிய இரண்டையும் கடந்து செல்லும் தொடைத் தசைகள் ஆகும். ஒரு மூட்டு மடங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து மற்ற மூட்டில் இவற்றின் விசை மாறும். எனவே ஒரே பயிற்சி தொடைத் தசைகள் அனைத்தையும் சம அளவில் வலுப்படுத்துவதில்லை.

அமைப்பு

தொடையின் முன்புறத்தில் உள்ள நாற்றலைத் தசையின் நான்கு பகுதிகளில், ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டுமே இரு மூட்டுகளையும் கடக்கிறது. இது இடுப்பை மடக்கும்; முழங்காலை நீட்டும். மற்ற மூன்றும் (வாஸ்டஸ் தசைகள்) முழங்காலை மட்டும் நீட்டுகின்றன. பின்தொடையில் உள்ள ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் இடுப்பை நீட்டி, முழங்காலை மடக்குகின்றன. இவற்றுள் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குறுந்தலை மட்டும் ஒரு மூட்டுத் தசையாகும்.

பஸ்கியின்போது

பஸ்கி, தோப்புக்கரணம் ஆகியவற்றில் உட்காரும்போது இரு மூட்டுகளும் சேர்ந்து மடங்குகின்றன. அப்போது ஹாம்ஸ்ட்ரிங் இடுப்புப் பக்கம் நீண்டு, முழங்கால் பக்கம் சுருங்குகிறது. ரெக்டஸ் ஃபெமோரிஸில் இது தலைகீழாக நடக்கிறது. இதனால் இவற்றின் மொத்த நீளம் அதிகம் மாறுவதில்லை. எழும் வேலையில் பெரும்பங்கை வாஸ்டஸ் தசைகளும் பிட்டத் தசையும் ஏற்கின்றன.

எழும்போது எதிரெதிராகச் செயல்படும் இவ்விரு தசைகளும் ஒருசேர இயங்குவது லம்பார்டு முரண் எனப்படுகிறது. வாரன் லம்பார்டு 1903இல் இதை விளக்கினார். ஹாம்ஸ்ட்ரிங்கின் நெம்புகோல் நீளம் இடுப்பில் அதிகம். ரெக்டஸ் ஃபெமோரிஸுக்கு முழங்காலில் அதிகம். ஆகவே இரு மூட்டுகளும் நீள்கின்றன.

ஊர்த்துவ தாண்டவ நிலை

சிதம்பரம் நடராசர் கோயிலின் நிருத்த சபையில் ஊர்த்துவ தாண்டவச் சிற்பம் உள்ளது. முழங்காலை நீட்டிக் காலைத் தலைவரை உயர்த்தும் இத்தகைய நிலையில், ஹாம்ஸ்ட்ரிங் இரு முனைகளிலும் இழுபடுகிறது. ரெக்டஸ் ஃபெமோரிஸோ இரு முனைகளிலும் சுருங்கி விசை குன்றுகிறது. காலை உயர்த்துவது கடினமாக இருப்பதற்கு இவ்விரண்டும் காரணங்கள்.

பயிற்சியில் பயன்

பஸ்கி மட்டும் செய்பவர்களுக்குப் பின்தொடை போதிய வலுப் பெறாமல் போகலாம். விரைந்து ஓடும்போது, கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இடுப்பு மடங்கி முழங்கால் நீள்கிறது; ஹாம்ஸ்ட்ரிங் கிழிவு பெரும்பாலும் அக்கணத்தில் ஏற்படுகிறது. எனவே இடுப்பிலிருந்து குனிந்து எடை தூக்குதல், முழங்காலை மடக்கும் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். 2021இல் வெளியான 12 வார ஆய்வொன்றில், குப்புறப்படுத்துக் காலை மடக்கியதைவிட உட்கார்ந்து மடக்கியபோது ஹாம்ஸ்ட்ரிங் அதிகம் வளர்ந்தது. உட்காரும்போது இடுப்பு மடங்கி அத்தசை நீண்ட நிலையில் உழைப்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ரெக்டஸ் ஃபெமோரிஸுக்கு, உட்கார்ந்தபடி எடைக்கு எதிராக முழங்காலை நீட்டும் பயிற்சி பயன்படுகிறது.