காலி இடம்னு ஒண்ணு இருக்கா? மாயமும் எல்லைப்புறமும் கலந்த கதைகள்

ஃபேன்டஸின்னு சொன்னதும் கோட்டை, வாள், டிராகன்னு நம்ம மனசு போயிடும். அதிலேயே ஒரு தனிக் கிளை இருக்கு: எல்லைப்புற ஃபேன்டஸி. இதுல அரசர் கிடையாது. புதுசா ஒரு நிலத்துல குடியேறி, காட்டைத் திருத்தி, பயிர் வச்சுப் பிழைக்கிற சாதாரணக் குடும்பங்கள்தான் கதை. கூடவே மந்திரமும் இருக்கும்.

இந்த வகைக்கு நல்ல உதாரணம், அமெரிக்க எழுத்தாளர் பேட்ரிசியா ரீடி 2009-ல் இளையோருக்காக எழுதிய 'தர்ட்டீன்த் சைல்ட்'. எஃப் என்ற பெண் வீட்டுல பதிமூணாவது குழந்தை. அதனால ராசியில்லாதவள்னு சொந்தக்காரங்களே ஒதுக்குறாங்க. அவளோட இரட்டைப் பிறப்பான லான், ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன். அவனுக்கு ஏக மரியாதை! அப்பாவுக்கு மேற்கு எல்லையில ஒரு காலேஜ்ல மந்திரம் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைக்க, குடும்பமே அங்க போகுது.

அந்த எல்லையில ஒரு பெரிய ஆற்றை ஒட்டி மந்திரத் தடுப்பு ஒண்ணு போட்டிருக்காங்க. அதைத் தாண்டினா மாமூத் யானைகளும் நீராவி டிராகன்களும் திரியுற நிலம். அங்க குடியேறணும்னா ஊருக்கு ஒரு மந்திரவாதி கட்டாயம் வேணும். இங்க மந்திரம்ங்கறது சாகச வித்தை இல்ல. நமக்கு மின்வேலி, பூச்சிமருந்து எப்படியோ, அவங்களுக்கு அப்படி. அதனாலதான் கதை நம்புற மாதிரி இருக்கு.

ஆனா புத்தகம் வந்ததும் ஒரு கடுமையான விமர்சனம் எழுந்தது. இந்தக் கற்பனை அமெரிக்காவுல பூர்வகுடி மக்களே இல்ல. அவங்களை வழக்கமான அச்சுல வார்த்துக் காட்டிடக் கூடாதுன்னுதான் அப்படி அமைச்சதா ரீடி தரப்பு. வாசகர்கள் விடல. "நிஜ வரலாற்றுல அந்த நிலத்தைப் பறிச்சாங்க. கதையில அந்த மக்களையே அழிச்சாச்சு"ன்னு கேட்டாங்க. எஃப்போட கதை நல்ல கதைதான், அதை மறுக்க முடியாது. ஆனா இந்தக் கேள்விக்கும் அந்தக் கதைக்குள்ள பதில் இல்ல.

எல்லைக்கு உள்ளேயிருந்து பார்த்தா?

இப்ப தமிழுக்கு வருவோம். சு.வெங்கடேசன் 2016-லிருந்து 2018 வரை ஆனந்த விகடன்ல தொடரா எழுதிய 'வீரயுக நாயகன் வேள்பாரி' நம்மில் பலரும் படிச்சதுதான். இது இளையோர் நாவல்னு முத்திரை குத்தி வந்ததில்ல. ஆனா விசித்திரத் தாவரங்களும் விலங்குகளும் நிறைஞ்ச பறம்பு மலையும், அதைச் சுற்றி நெருக்குற மூவேந்தர்களும் இருக்கிறதால, இதுவும் ஒரு எல்லைப்புறக் கதைதான்.

வித்தியாசம் பார்வையில இருக்கு. வேந்தர்களுக்குப் பறம்பு இன்னும் பிடிபடாத காடு. பறம்பு மக்களுக்கு அது வீடு. கபிலர் எவ்வளவு பெரிய புலவரா இருந்தும், அந்த மலை ஏற நீலன்ங்கிற இளைஞனோட துணை வேணும். புலவருக்குத் தெரியாத செடி கொடியெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தேவவாக்கு விலங்குன்னு ஒண்ணு வருமே, எப்பவும் வடக்கு பார்த்து உட்காருமே, அதை வேந்தர்கள் கேக்குறது கடல்ல திசை அறிய. நாவல்ல மாயம் மாதிரி தெரியுறதெல்லாம் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாச் சேர்த்த அறிவு. ஆள் இல்லாத நிலம்னு எழுதியிருந்தா இந்த மாயம் மொத்தமும் காணாமப் போயிருக்கும்.

நம்ம ஊர்க் கோடு

உறுவையாறு பக்கம் இருக்கிற நமக்கு எல்லை புதுசா என்ன? வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள்ல பஸ் ஏறினா புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரின்னு மாறி மாறி வரும். ஒரு காலத்துல இந்தக் கோட்டுக்கு மந்திர சக்தியே இருந்தது. 1908-ல் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பாரதியை, பத்து வருஷம் பிரிட்டிஷ் போலீஸ் தொட முடியல. 1918 நவம்பர்ல அவர் கோட்டைத் தாண்டித் திரும்பினதும் கடலூர் அருகே கைது. மண்ணு ஒண்ணுதான், சட்டம்தான் வேற.

அதைவிடப் பழைய எல்லையும் உண்டு. ஊர் முடியுற இடத்துல குதிரையோட காவல் நிக்கிற ஐயனார். தடுப்பு மந்திரத்துக்காக நாம அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்ல.

சரி, இதெல்லாம் இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு எதுக்கு? நம்ம பாஷையில 'புறம்போக்கு'ங்கறது திட்டுற வார்த்தை ஆயிடுச்சு. உண்மையில அது வரிக் கணக்குக்கு வெளியே இருக்கிற பொது நிலம்: ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, சுடுகாடு. ரெவின்யூ கணக்குல வரி இல்ல, ஆனா ஊரே அதை நம்பித்தான் வாழுது. நாளைக்கு நம்மில் சிலர் சர்வே எடுப்போம், லே-அவுட் வரைவோம், ரோடு போடுவோம். அப்ப ஸ்க்ரீன்ல ஒரு இடம் வெள்ளையா, காலியாத் தெரியும். அங்க யார் மாடு மேயுது, மழைத்தண்ணி எந்த வழியா ஏரிக்குப் போகுதுன்னு கேக்காம கோடு போட்டா, நாமளும் ஆள் இல்லாத கண்டத்தைத்தான் வரைஞ்சுக்கிட்டு இருப்போம்.

கதை எழுதுற நண்பர்களுக்கும் இதேதான். உங்க மாய உலகத்துக்கு மேப் போடுறதுக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் உங்க ஊர் எல்லை வரைக்கும் நடந்து போய், அங்க ஆடு மேய்க்கிற தாத்தாகிட்ட அந்த இடத்தோட பேரைக் கேளுங்க. காலியாத் தெரியுற ஒவ்வொரு திடலுக்கும் ஒரு பேர் இருக்கும், அதுக்கு ஒரு காரணமும் இருக்கும். கதையை அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.