மஞ்சள் நரம்பும் என் வீம்பும்

மதுரையில் எங்கள் வாடகை வீட்டை ஒட்டி மூன்று சென்ட் காலி மனை ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். ஆவணியில் வீடு கட்டப் போவதாகச் சொன்னவர், "அதுவரைக்கும் குப்பை சேராம பார்த்துக்குங்க. செடி கொடி போட்டாலும் சரி" என்றார். மாசி பாதியில் மண்வெட்டியைத் தொட்டேன். இதோ, சித்திரை முடியப் போகிறது.

தோட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் காலமான பிறகு, உசிலம்பட்டி பக்கம் இருந்த நிலத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டு அத்தை எங்களோடு வந்து இரண்டு வருடமாகிறது. நாள் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார். "சாப்பிட்டீங்களா அத்தை?", "ஆச்சு". இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

வெண்டை முப்பது செடி, கொத்தவரை, சிறுகீரை, ஓரத்தில் பூசணி, பந்தல் போட்டுப் புடலை என்று நட்டேன். கீரை இருபத்தைந்தே நாளில் கைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது நாளில் வெண்டையும் பூ வைத்தது. அன்று சாயங்காலம் அத்தை மெதுவாக வந்து பார்த்தார். மூன்று செடிகளைக் காட்டி, "ஏத்தா, இலை நரம்பெல்லாம் மஞ்சளா ஓடுது பாரு. நோவு அது. பிடுங்கித் தீயில போடு. இல்லாட்டி எல்லாத்துக்கும் பரவும்" என்றார்.

பூ வைத்த செடியைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? "அதெல்லாம் உங்க காட்டுல அத்தை. இது டவுனு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அத்தை முகம் சுருங்கிப் போனது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டார். விற்ற காட்டை நான் குத்திக் காட்டியது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பத்தே நாளில் பதினெட்டுச் செடி மஞ்சள். காய்த்த காயும் வெளுத்து, குட்டையாக, முற்றலாக இருந்தது. 1999-ல் முதன்முதலாக எங்கள் ஊரில்தான் உழவர் சந்தை தொடங்கினார்கள். அங்கே காய் விற்கும் ஒரு அண்ணனிடம் ஒரு இலையைக் காட்டினேன். "மஞ்சள் நரம்பு நோய்மா. வெள்ளை ஈதான் பரப்பும். வந்த செடிக்கு மருந்து கிடையாது. பார்த்த அன்னிக்கே பிடுங்கியிருக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "அத்தை, நீங்க சொன்னதுதான் சரி. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மனைக்குப் போய், பதினெட்டுச் செடியையும் பிடுங்கிக் குவித்துவிட்டார். நான் தீப்பெட்டி எடுத்துப் போனேன்.

அன்றிலிருந்து தோட்டம் அத்தை கையில். அவரிடம் நான் கற்றுக்கொண்டவற்றில் சில:

வேப்பங்கொட்டையின் உள்பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்து, துணியில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். இலையின் அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும். வெள்ளை ஈ குறையும்.

கோடையில் பாத்தியை மேடாக்காமல் பள்ளமாக வெட்டி, செடியின் அடியில் சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். அரிசி களைந்த தண்ணீரும் காய் அலசிய தண்ணீருமே எங்கள் செடிகளுக்குப் பாதி நாள் போதுகிறது.

பூசணிப் பிஞ்சு வெம்பி வெம்பி உதிர்ந்தது. காலையில் பூ விரிந்ததும் அத்தை ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவுக்குள் மெல்லத் தடவினார். இப்போது நான்கு காய் நிற்கிறது. புடலைப் பிஞ்சு சுருளாமல் நீள, நுனியில் சின்னக் கல் கட்டியிருக்கிறோம்.

போன வாரம் மனைக்காரர் போன் செய்தார். ஆவணியில் கடைக்கால் தோண்டுவது உறுதியாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தையோ, "அப்ப முருங்கைக் கொம்பு வேணாம். கீரை, கொத்தவரை போடு, ஆடிக்குள்ள எடுத்துரலாம்" என்று கணக்குச் சொன்னார். நோய் வராத இரண்டு வெண்டைச் செடியில் துணி கட்டி, காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருக்கிறார்.

"அடுத்து எங்க அத்தை போடுறது?" என்றேன்.

"வெதை கையில இருந்தா எடம் கெடைக்கும் தாயி" என்றார்.

நேற்று டி.வி.யைப் போடவே மறந்துவிட்டோம். வாசகியரே, உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் இப்படி ஒரு பெரியவர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஒரு தொட்டிச் செடியையாவது காட்டி யோசனை கேட்டுப் பாருங்கள். என்னைப் போல பதினெட்டுச் செடியை இழந்த பிறகு கேட்காதீர்கள்.

- ஒரு வாசகி, மதுரை.