சந்தேகம் எழுதி வைத்த சரித்திரம்

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. தளபதிகளுக்குச் சரித்திர நூல்கள் உண்டு. அவர்கள் ஏவிய திசையில் நடந்து, கொடுத்ததைத் தின்று, கிடைத்த இடத்தில் படுத்து, முடிவில் பிழைத்தோ பிழையாமலோ போன சாதாரணச் சிப்பாய்க்கு என்ன உண்டு என்று கேட்டால், பெரும்பாலான தேசங்களில் ஒன்றுமில்லை என்பதே விடை. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரையும் ஊரையும் பொறித்து வைத்த நம் முன்னோரை இதற்கு விலக்காகச் சொல்லலாம். ஆயினும் கல்லில் இடம் கொஞ்சம். அவன் மனைவி யார், மக்கள் எத்தனை பேர், காயம்பட்ட கால் மழைக்காலத்தில் வலித்ததா என்பதையெல்லாம் கல் சொல்லாது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, 1861 முதல் 1865 வரை வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் துப்பாக்கி தூக்கிய ஒரு குடியானவனைப் பற்றி இவ்வளவும், பல வேளைகளில் இதற்கு மேலும், அவனுடைய பேரனுக்குப் பேரன் இன்று அறிந்துகொள்ளக்கூடும்; அதற்கு அவர் பேராசிரியராகவோ செல்வந்தராகவோ இருக்கவேண்டிய அவசியமில்லை, தம் ஊர்ப் பொது நூலகம்வரை ஒரு நடை போய் வரக்கூடியவராக இருந்தால் போதும்.

இந்தியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அது தலைநகரமும் அன்று, பேர்பெற்ற வித்யாஸ்தலமும் அன்று. ஆயினும் வம்சாவளி தேடுகிற அமெரிக்கர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம் போல விளங்குகிறது. நம் மாவட்டத்தை ஒத்த ஆலன் கௌண்டியின் பொது நூலகம் அங்கே 1961-இல் குடும்ப வரலாற்றுக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்க, நாளடைவில் அது அந்நாட்டுப் பொது நூலகங்களில் இத்துறைக்குள்ள மிகப் பெரிய தொகுப்புகளுள் ஒன்றாக வளர்ந்துவிட்டது. மிஸௌரியில் இண்டிபெண்டென்ஸ் நகரத்திலும், டெக்ஸஸில் ஹூஸ்டனிலும், நியூயார்க்கிலும் இத்தகைய பெரும் பிரிவுகள் உள்ளன. சிற்றூர் நூலகங்களிலுங்கூட உள்ளூர்ச் சரித்திரத்திற்கென்று ஓர் அலமாரியாவது இருப்பது வழக்கம். அலெக்ஸ் ஹேலி தம் முன்னோர் கதையைச் சொல்லி எழுதிய 'ரூட்ஸ்' 1976-இல் வெளிவந்து, மறு ஆண்டே தொலைக்காட்சித் தொடராகவும் ஆனபின், இந்த அறைகளில் கூட்டம் பெருகியது. இவற்றையெல்லாம் நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் மக்கள் செலுத்தும் வரிப்பணமே ஆகையால், உள்ளே வருபவரிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. பாஸ்டன் பொது நூலகத்தின் வாயிலில் இது எல்லோருக்கும் இலவசம் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பூட்டனைத் தேடி வருபவர் அவருடைய போர்ப் பராக்கிரமத்தைச் சொல்லித் தொடங்குவார். அனுபவமுள்ள நூலகர் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர் எந்த ஊரில் குடியிருந்தார் என்று விசாரிப்பார். காரணம் எளிது. தேசியப் பூங்காத் துறையார் தொகுத்துள்ள உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் பட்டியலில் 63 லட்சம் பதிவுகள் இருக்கின்றன. அதில் ஜான் ஸ்மித் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர், நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் ராமசாமி என்று கூவினவர் கதியைத்தான் அடைவார். ஊர் தெரிந்தால் மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம். 1910-ஆம் ஆண்டுக் கணக்கில், வீட்டிலுள்ளவர் வடபடையில் இருந்தவரா தென்படையில் இருந்தவரா என்பதற்கு ஒரு பத்தியே ஒதுக்கியிருந்தார்கள். 1890-ஆம் ஆண்டுக் கணக்கு 1921 ஜனவரியில் வாஷிங்டனில் மூண்ட தீயில் பெரும்பாலும் அழிந்தது. ஆனால் அதனோடு முன்னாள் படைவீரர்களுக்கென்று தனியே எடுத்த பட்டியலில், அகரவரிசையில் பின்பாதியிலுள்ள மாநிலங்களுக்குரிய பகுதி தப்பிப் பிழைத்தது. ஒருவருடைய பாட்டனார் ஓஹாயோவில் இருந்தாரா, அல்லது அதற்கு அடுத்த இந்தியானாவில் இருந்தாரா என்ற தற்செயலைப் பொறுத்து அவர் ஏட்டில் இருப்பதும் இல்லாமற்போவதும் நிச்சயமாகிறது.

ஊருக்கு அடுத்தபடி அறிய வேண்டியது ரெஜிமெண்டும் கம்பெனியும். அக்காலத்தில் கம்பெனிகளை ஊர் ஊராகவே திரட்டினார்கள். ஆகையால் ஒரே கம்பெனியில் அண்ணனும் தம்பியும், மாமனும் மைத்துனனும், பக்கத்து வயற்காரனும் பள்ளிக்கூடத் தோழனும் சேர்ந்தே நின்றார்கள், சில வேளைகளில் ஒரே பிற்பகலில் சேர்ந்தே மாண்டார்கள். ஆதலால் கம்பெனியின் பெயர்ப் பட்டியல் ஒரு படைப் பட்டியலாக மட்டுமன்றி ஓர் ஊரின் உறவுமுறைப் பட்டியலாகவும் இருக்கிறது. பாட்டியின் பிறந்த வீடு எது என்று தெரியாமல் தவித்த பலர், பாட்டனின் கம்பெனிப் பட்டியலில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாநில அரசாங்கங்கள் இப்பட்டியல்களை அச்சிட்டுள்ளன. ஓஹாயோ மாநிலத்தினுடையது மட்டும் 12 தொகுதிகள். இவற்றோடு நூலக அலமாரிகளில் 128 பெரும் புத்தகங்களாக அணிவகுத்திருக்கும் போர்த்துறை ஆவணத் தொகுப்பும் உண்டு. அது கம்பீரமானது, அவசியமானது. ஆனால் தளபதிகள் தளபதிகளுக்கு எழுதிக்கொண்ட கடிதங்களே அதில் நிறைந்திருப்பதால், சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் அரிதாகவே அகப்படும்.

படைப் பணிக் குறிப்புகள் வேறு வகை. ஃபிரெட் எய்ன்ஸ்வர்த் என்ற படை மருத்துவர், நைந்து கிழிந்துகொண்டிருந்த ஆஜர்ப் பட்டியல்களையும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையும் பிரித்து, ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனி அட்டைகளில் நகலெடுக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்தினார். வயது, உயரம், கண்ணின் நிறம், பிறந்த இடம், தொழில், இரண்டு மாதத்துக்கொரு முறை ஆஜரா இல்லையா என்பனவெல்லாம் அவற்றில் இருக்கின்றன. வீட்டில் பரம்பரையாகக் காப்டன் என்று சொல்லிவந்த முன்னோர் அட்டையில் கழுதை வண்டி ஓட்டினவராக வந்து நிற்பதுண்டு. ஓடிப்போனவர் என்ற குறிப்பு வந்து நிற்பதும் உண்டு. அறுவடைக்கு ஆளில்லாமல் மனைவி எழுதிய கடிதத்தைக் கண்டு ஊருக்கு ஓடி, அறுவடை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் ஓடிப்போனவர் பட்டியலிலேதான் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இதில் வெட்கப்பட அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த அட்டைகளை அரசாங்கம் சரித்திர ஆசையினால் எழுதிவைக்கவில்லை. பென்ஷன் கேட்டவர் மெய்யாகவே படையில் இருந்தாரா என்று விரைவில் விடை சொல்வதற்காகவே எழுதிவைத்தது. உள்ளபடி பார்த்தால், இத்துறையின் அரிய செல்வம் அனைத்தும் பென்ஷன் இலாகாவின் சந்தேகத்திலிருந்து பிறந்ததே. 1862-இல் இயற்றிய சட்டம் போரில் ஊனமுற்றவர்க்கும் மாண்டவரின் குடும்பத்துக்கும் உபகாரச் சம்பளம் அளித்தது. 1890-ஆம் ஆண்டுச் சட்டம், 90 நாள் பணி செய்து, பிற்காலத்தில் போரோடு தொடர்பில்லாத காரணத்தால் உழைக்க இயலாமற்போனவர்க்கும் அதை விரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் மத்திய அரசாங்க வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போயிற்று. இவ்வளவு பணம் போகுமிடத்தில் பொய்யும் போகும் அல்லவா? ஆகவே இலாகா ஒவ்வொரு மனுவையும் துருவியது. 1887-இல் வாஷிங்டனில் இதற்கென்றே கட்டிய செங்கல் மாளிகையிலிருந்து விசேஷ விசாரணையாளர்கள் கிளம்பிக் குக்கிராமங்கள்வரை சென்று, அண்டை வீட்டாரிடமும் பழைய தோழர்களிடமும் மருத்துவரிடமும் பிரமாண வாக்குமூலம் வாங்கினார்கள். இவருக்கு முதுகுவலி எப்போது வந்தது, குடிப்பழக்கம் உண்டா, இவள் இவருக்கு முறைப்படி வாழ்க்கைப்பட்டவளா, முதல் மனைவி உயிரோடிருக்கிறாளா என்று கேட்ட கேள்விகளை இன்று படித்தால் கோபம்கூட வருகிறது. 1898-இல் பென்ஷன்காரர்களுக்கு அனுப்பிய ஒரு படிவமோ, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், திருமணம் நடந்த நாள், இடம், நடத்திவைத்தவர், உயிரோடுள்ள மக்களின் பெயர், பிறந்த தேதி ஆகிய அனைத்தையும் கேட்டது. வம்சாவளிக்காரர் ஒருவரைக் கொண்டு தயாரித்திருந்தாலும் இதைவிடச் சிறப்பாக அமைந்திராது. சாட்சிக்கு வேறு பத்திரம் இல்லாத விதவைகள் குடும்ப பைபிளில் பிறப்பும் இறப்பும் எழுதியிருந்த தாள்களையே கிழித்து அனுப்பினார்கள், அத்தாள்கள் இன்னும் அந்தக் கட்டுகளில் இருக்கின்றன.

இந்தச் சந்தேகத்தின் பயனை மிகுதியாக அடைந்தவர்கள், பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து எழுந்துவந்தவர்களாய் வடபடையில் சேர்ந்த சுமார் 1,79,000 கறுப்பினச் சிப்பாய்களின் சந்ததியார். அடிமைக்குத் திருமணப் பதிவு கிடையாது, பிறப்புப் பதிவு கிடையாது; எஜமானனின் கணக்கில் மாட்டுக்கும் மண்வெட்டிக்கும் பக்கத்தில் விலையோடு எழுதிய பெயர் ஒன்றுதான் உண்டு. சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி இருந்தால் போதும் என்று 1864-இல் ஒரு சட்டம் இடங்கொடுத்தது. அதனால் கிழவிகள் வந்து, எந்தத் தோட்டத்தில் எந்த எஜமானனின் கீழ் யாரோடு வாழ்ந்தோம், எந்தக் குழந்தை எப்போது பிறந்தது, எது விற்கப்பட்டது என்று தம் வாயாலேயே சொல்ல நேர்ந்தது. குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார்.

தாமும் தப்பி, பிறரையும் தப்புவித்துப் புகழ்பெற்ற ஹாரியட் டப்மன் அம்மையாரும் இந்த விசாரணைக்குத் தப்பவில்லை. போரின்போது அவர் தாதியாகவும் வேவு பார்ப்பவராகவும் பணி செய்தவர். 1869-இல் நியூயார்க் மாநிலத்து ஆபர்னில் நெல்சன் டேவிஸ் என்பவரை மணந்தார். டேவிஸ் 1888-இல் இறந்தபின், 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதவை என்ற முறையில் மனுச் செய்தார். ஆனால் எட்டாவது கறுப்பினக் காலாட்படையின் பட்டியலில் டேவிஸ் என்பவர் இல்லை. நெல்சன் சார்ல்ஸ் என்பவரே இருந்தார். பழைய எஜமானனின் பெயரைத் தரித்துப் படையில் சேர்ந்து, விடுதலைக்குப்பின் வேறு பெயர் வைத்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். இரண்டு பெயரும் ஒருவரே என்று பலர் பிரமாணம் செய்து, அம்மையாரின் முதற்கணவர் முன்பே இறந்தார் என்பதும் ருசுவானபின், 1895-இல் மாதம் 8 டாலர் கிடைத்தது. தாதிப் பணியையும் கருதி 1899-இல் அது 20 டாலராயிற்று. அவ்வளவு பெரிய அம்மையாரை அலைக்கழித்தது அநியாயமே. ஆனால் நெல்சன் டேவிஸைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அந்த அநியாயத்தின் கட்டிலிருந்து வந்ததுதான்.

தென்படையில் இருந்தவர்க்கு மத்திய அரசாங்கம் பென்ஷன் கொடுக்கவில்லை. தென்மாநிலங்கள் தத்தமக்கு இயன்றதைக் கொடுத்தன. ஆகவே அவர்கள் எந்த மாநிலத்தில் போரிட்டார்கள் என்பதைவிட, முதுமையில் எங்கே குடியிருந்து மனுச் செய்தார்கள் என்பதையே தேட வேண்டும்.

பென்ஷன் கட்டுகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; அவற்றில் பெரும்பகுதி இன்னும் படமெடுத்து வெளியிடப்படவில்லை. நூலகத்தில் கிடைப்பது அவற்றுக்கான அட்டவணை: ஒன்று பெயர் வரிசையில், மற்றொன்று ரெஜிமெண்டு வரிசையில். இரண்டாவது மிகவும் உபயோகமானது, ஏனெனில் தம் முன்னோர் பென்ஷன் கேட்கவில்லையாயினும் அவருடைய தோழர் கேட்ட மனுவில் இவர் சாட்சி சொல்லியிருக்கலாம். பணம் கட்டிப் பார்க்க வேண்டிய ஆன்செஸ்ட்ரி, ஃபோல்ட்3 போன்ற கணினித் தொகுப்புகளுக்குச் சந்தாவை நூலகமே செலுத்தி, உள்ளே வந்து அமர்பவர்க்கு இலவசமாகத் திறந்துவிடுவதும் உண்டு. கௌண்டி சரித்திரங்கள் என்று தோல் அட்டையிட்ட தடித்த புத்தகங்களும் இருக்கும். சந்தா செலுத்தியவர்களின் வாழ்க்கை வரலாற்றை வாரி வாரி அச்சிட்ட நூல்கள் அவை. அவற்றில் கஞ்சனும் கோழையும் ஒருவர்கூட இல்லை என்பதிலிருந்தே அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் போரைப் பழங்கதை என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரு தரப்பிலும் படையில் இருந்த ஒரு வீரர் முதுமையில் பெற்ற மகளுக்கு, மாதம் 73.13 டாலர் என்ற கணக்கில் அமெரிக்க அரசாங்கம் 2020 மே மாதத்தில் அவர் காலமாகும்வரை பென்ஷன் அனுப்பிக்கொண்டிருந்தது.

நம் நாட்டில், 1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போருக்கு இத்தனை பேர் சென்றனர் என்று சொல்லும் கற்பலகைகள் சில தமிழ்க் கிராமங்களில் உண்டு. பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. மாண்டவர்களாயின் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும்கூடக் கிடைக்கின்றன. உயிரோடு திரும்பியவர்க்கு, வீட்டுப் பெட்டியிலுள்ள டிஸ்சார்ஜ் சான்றிதழும், பென்ஷன் புத்தகமும், வெலிங்டனிலும் பெங்களூரிலும் உள்ள படைத் தலைமையிடங்களுமே கதி. வில்சன் எழுதி 1882 முதல் 1889 வரை சென்னையில் அச்சான சென்னைப் படையின் சரித்திரத்தையும், ரெஜிமெண்டு வரலாறுகளையும், மாவட்ட மானுவல்களையும் ஒரு மேஜையில் வைத்து, கேட்பவர்க்கு வழி சொல்லப் பழகிய ஒருவரை அங்கே அமர்த்துவது நம் மாவட்ட மைய நூலகங்களுக்கு இயலாத காரியமன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய நூலக வரியை நாமும் வீட்டு வரியோடு சேர்த்துச் செலுத்தியே வருகிறோம். ஆகையால் அந்த மேஜையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்க வேண்டும்.