விற்காத காணியின் விலை

"பரப்பு என்ன விலை போகுது?" நிலத்தைப் பரப்பு என்ற அளவில் எண்ணும் யாழ்ப்பாணத்தில் காணிப் பேச்சு இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். வலிகாமம் வடக்கின் கடற்கரை ஊரான கீரிமலையில் பல ஆண்டுகளாக இதற்குப் பதிலே இருக்கவில்லை. 1990 யூன் மாதம் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. காணி உறுதி கையில் இருந்தது, காணிக்குள் கால் வைக்க முடியவில்லை. போர் முடிந்த பிறகு நிலம் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. மக்கள் திரும்பினார்கள், விலையும் மெல்லத் திரும்பியது.

கீரிமலையின் நன்னீர்க் கேணிக்குப் பக்கத்தில் ஒரு உணவக நிறுவனத்துக்கு ஐந்து பரப்புக் காணி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். வாங்கியது 1985இல். இன்று ஐந்தொகையில் அதற்கு என்ன தொகை எழுதுவது? அன்று கொடுத்த காசை எழுதினால் அது பத்திரப்படி சரி, ஆனால் வாசிப்பவருக்கு எதுவும் சொல்லாது. முதலாளி மனத்தில் உள்ள தொகையை எழுதினால் அது ஆசை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடியதில் பிறந்ததுதான் நியாயப் பெறுமதி.

சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 13 என்ற பெயரில் 2011 மே மாதம் வெளிவந்த விதி, இலங்கையில் 2014 சனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் வரையறை ஒரே வாக்கியம். அளவிடும் நாளில், சந்தையில் பங்குபற்றுவோரிடையே ஒழுங்காக நடக்கும் கொடுக்கல் வாங்கலில், சொத்தை விற்றால் கைக்கு வரும் விலை. கடன் போன்ற பொறுப்பானால், அதை இன்னொருவர் தலையில் மாற்றிவிடக் கொடுக்க வேண்டிய விலை. விற்கவே எண்ணமில்லாத காணிக்கும் விற்பதாக எண்ணித்தான் கணக்குப் போட வேண்டும். உரிமையாளருக்கு அந்த மண் எவ்வளவு பெரிது என்ற கேள்வி இதில் வராது. முகம் தெரியாத ஒருவர் அதற்கு என்ன கொடுப்பார் என்பதே கேள்வி.

"ஒழுங்காக" என்ற சொல்லில்தான் போர்க்கால யாழ்ப்பாணம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. இடம்பெயரும் நெருக்கடியில் ஒருவர் கிடைத்த விலைக்குக் காணியைக் கொடுத்திருந்தால், அந்த விலை உறுதியில் பதிவாகியிருந்தாலும் அது கட்டாய விற்பனை. நியமம் அதற்குச் சிறிதளவே நிறை கொடுக்கும், அல்லது நிறையே கொடுக்காது. துன்பத்தில் கேட்கப்பட்ட விலை சந்தையின் குரலாகாது என்று ஒரு கணக்கியல் விதி சொல்வது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இன்னொரு நுட்பம், தடைகளைப் பற்றியது. காணியோடு ஒட்டி, வாங்குபவருக்கும் போய்ச் சேரும் தடை விலையைக் குறைக்கும். உரிமையாளரோடு மட்டும் நிற்கும் தடை குறைக்காது. பாதுகாப்பு வலயக் கட்டுப்பாடு முதல் வகை: யார் வாங்கினாலும் வேலி அங்கேயே நிற்கும். யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி கூட்டுப் பங்காளிகளுக்கு உள்ள முன்வாங்கும் உரிமையும் பிரிக்கப்படாத பங்கோடு கூடவே வருவது. "அப்பா விற்க வேண்டாமென்று சொன்னவர்" என்பது இரண்டாவது வகை. குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய தடை இல்லை, ஆனால் சந்தைக்கு அது கேட்காது.

இனி அந்தக் கேணிக்கு நீர் தரும் ஊற்றுக்கு வருவோம். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, நிலத்தடியில் ஓடி, கடல் விளிம்பில் நன்னீராக மேலே வருகிறது. ஒருபக்கம் அலை, கட்டுக்கு இந்தப் பக்கம் உப்புக் கரிக்காத கேணி. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் நீராடி முகம் மாறினார் என்பது தலபுராணம். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழிக்க வரும் கூட்டம் இன்றும் கரையை நிறைக்கிறது. நமது உணவகத்தில் தோசை விற்பது இந்தத் தண்ணீரால்தான். ஆனால் அதன் ஐந்தொகையில் ஊற்றுக்கு இடமில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாதது அதன் சொத்தாகாது. அப்படியிருந்தும் ஊற்று கணக்குக்குள் நுழைந்துவிடுகிறது, காணி விலையின் வழியாக. அங்கே ஒரு பரப்பு வாங்க வருபவர் அமாவாசைக் கூட்டத்துக்கும் சேர்த்தே விலை பேசுவார்.

பெறுமதி எவ்வளவு நம்பகமானது என்பதை நியமம் மூன்று மட்டங்களாகப் பிரிக்கிறது. நிறுவனம் மிச்சக் காசில் கொழும்புப் பங்குச் சந்தைப் பங்குகளை வாங்கியிருந்தால், அன்றைய விலை அப்படியே முதல் மட்டம். அதே சொத்துக்கு விலை இல்லாமல், அதுபோன்றவற்றின் விலையோ வட்டி வீதமோ வெளியே தெரிந்தால் இரண்டாவது. கணிசமான பகுதியை மதிப்பீட்டாளரே ஊகிக்க வேண்டியிருந்தால் மூன்றாவது. அயலில் விற்பனைகள் குறைந்த கீரிமலைக் காணி பெரும்பாலும் மூன்றாவதில்தான் விழும்.

ஒப்பிட விற்பனை இல்லாதபோது வருமானத்திலிருந்து விலையைப் பெறலாம். இது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்துக்கு வந்த தேசவழமையில் ஒற்றி இருக்கிறது. கடன் கொடுத்தவர் காணியைத் தன் அனுபவிப்பில் எடுத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவைப் பெறுவார். எவ்வளவு விளையும் என்று தெரியாமல் ஒற்றிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்ல முடியாது. நாளைய வருமானத்தை இன்றைய காசாக மாற்றும் அந்தக் கணக்கைத்தான் இன்றைய மதிப்பீட்டாளரும் செய்கிறார்.

அதில் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது வட்டி வீதம். ஆண்டுக்குப் 10 இலட்சம் ரூபாய் வீதம் பத்து ஆண்டுகள் வருமென்றால், 8 வீதத்தில் அதன் இன்றைய பெறுமதி சுமார் 67 இலட்சம். 20 வீதத்தில் 42 இலட்சம்தான். கடை அதே கடை, கூட்டமும் அதே கூட்டம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. திறைசேரி உண்டியல் வட்டி அந்த ஆண்டில் 30 வீதத்தைத் தாண்டியது. தோசையின் ருசி மாறாமலே கடைகளின் பெறுமதி ஆட்டம் கண்டது.

பொறுப்புப் பக்கத்தில் நடப்பது இதைவிட வியப்பானது. நிறுவனம் 10 வீத நிலையான வட்டிக்கு ஐந்து ஆண்டுக் கடனாக 1 கோடி ரூபாய் வாங்கியிருக்கிறது, முதலைக் கடைசியில் ஒரே தடவையில் திருப்ப வேண்டும் என்போம். சந்தை வட்டி 20 வீதமானால் அந்தக் கடனின் நியாயப் பெறுமதி சுமார் 70 இலட்சமாக இறங்கும். நிறுவனம் திருப்பித் தராது என்ற பயம் பரவினால் இன்னும் இறங்கும். அதாவது நிலைமை கெடக் கெடக் கடன் சிறிதாகத் தோன்றும்! இலங்கை அரசே இதற்குச் சான்று: 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்திய பின், அதன் டொலர் பிணைமுறிகள் முகப் பெறுமதியில் பாதிக்கும் கீழே கைமாறின. கடன் கொடுத்தவர் கண்ணால் பார்த்தால் இது நேர்மையான எண். ஆனால் கடன்பட்டவர் தன் பெயர் கெட்டதை இலாபமாகக் காட்டுவது தகாது. அதனால் கடனை நியாயப் பெறுமதியில் வைக்கத் தெரிவுசெய்த நிறுவனமும், தன் நம்பகம் குறைந்ததால் வந்த மாற்றத்தைப் பொதுவாக இலாப நட்டக் கணக்குக்கு வெளியே வைக்க வேண்டும் என்று நிதிக் கருவிகள் பற்றிய நியமம் 9 விதித்திருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் கடனைச் சாதாரண முறையில் பதிந்துவிட்டு, நியாயப் பெறுமதியைக் குறிப்பில் மட்டும் சொல்கின்றன.

எல்லாவற்றுக்கும் இப்படி விலை போட வேண்டியதில்லை. ஆட்டுக்கல்லும் குளிர்பெட்டியும் வாங்கிய விலையிலிருந்து தேய்வைக் கழித்தே நிற்கலாம். இருபது வருடமாகச் சாம்பாருக்கு அளவு பார்க்கும் சமையல்காரர் எந்தச் சொத்துக் கணக்கிலும் வரமாட்டார், கடை தானே சம்பாதித்த நற்பெயரும் வராது. ஆனால் நாளை வேறொரு நிறுவனம் இந்த உணவகத்தை வாங்கினால் நிலைமை மாறும். காணி, பெயர்ப்பலகை, கடன் எல்லாம் அன்றைய நியாயப் பெறுமதியில் எடுக்கப்படும். அதற்கு மேலாகக் கொடுத்த தொகை நன்மதிப்பு என்ற பெயரில் ஐந்தொகையில் ஏறும். சமையல்காரரின் கைப்பக்குவம் அந்தத் தொகைக்குள்தான் பெயரில்லாமல் இருக்கும்.

மூன்றாவது மட்டத்து எண்ணை மறைத்து வைக்க முடியாது. எந்த ஊகத்தில் அது வந்தது, ஊகம் மாறினால் எப்பக்கம் சாயும் என்று குறிப்பில் எழுத வேண்டும். 2023 ஒக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. துறைமுகத்திலிருந்து கீரிமலை சில கிலோமீற்றர்தான். அந்தப் பயணிகளில் எத்தனை பேர் கேணிக்கரைக்குச் சாப்பிட வருவார்கள் என்பதற்கும் அந்தக் குறிப்பில் இனி ஒரு வரி தேவைப்படும்.