பாலுக்குள் எவ்வளவு ரப்பர்? மிதக்கும் கோல் சொல்லும் கணக்கு

இரண்டு வாளிகள். ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் ரப்பர் பால். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. ஆனால் உறையவைத்துக் காயவைத்தால் ஒன்றில் 7.2 கிலோ ரப்பர் கிடைக்கிறது. மற்றொன்றில் 6 கிலோதான். இரண்டுக்கும் ஒரே கூலி என்றால் நியாயமா? காயும்வரை காத்திருக்காமல், பால் நிறுக்கும் இடத்திலேயே இந்த வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில் இன்று எங்கும் செம்பனை. முன்பு இங்குள்ள பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நின்றன. அங்கே வேலை செய்த உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்ததையும், கிராணி அதில் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் கோலை மிதக்கவிட்டதையும் சொல்வார்கள். அந்தக் கோலின் பெயர் மெட்ரோலெக். ரப்பர் பாலுக்கென்றே செய்யப்பட்ட அடர்த்திமானி அது.

கோல் ஏன் மூழ்குகிறது?

மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்குகிறது. இது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். திரவம் அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் விலக்கினாலே போதும். கோல் உயர்ந்து நிற்கும். அடர்த்தி குறைந்தால் அதிகம் விலக்க வேண்டும். கோல் ஆழமாக இறங்கும்.

தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுவதே ஒப்படர்த்தி. ரப்பரின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 0.92. ரப்பர் துகள்களைச் சுமந்திருக்கும் நீர்ப்பகுதிக்கு ஏறக்குறைய 1.02. இரண்டும் கலந்த பாலுக்குச் சுமார் 0.98. பாலில் ரப்பர் கூடக்கூட ஒப்படர்த்தி குறையும். கோல் ஆழமாக இறங்கும். அதனால் மெட்ரோலெக்கின் தண்டில் எண்கள் மேலே போகப்போகக் கூடுகின்றன.

மாட்டுப் பாலில் இது தலைகீழ். அதன் ஒப்படர்த்தி சுமார் 1.03. அதில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறைந்து பால்மானி இறங்கும். ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி கூடி மெட்ரோலெக் ஏறும். இரண்டு பாலிலும் தண்ணீர் கலந்திருப்பதைக் கோல் காட்டிக்கொடுத்துவிடும்.

அளக்கும் முறை

ரப்பர் பால் கெட்டியானது. கோலை அப்படியே விட்டால் அது சரியான இடத்தில் நிற்க நேரமாகும். எனவே ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்குவார்கள். கலவையைக் குவளையின் விளிம்புவரை ஊற்றி, நுரையை வழித்துவிட்டு, கோலை மெதுவாக விடுவார்கள். அது அசையாமல் நின்றபின், பாலின் மேற்பரப்பு தொடும் கோட்டைப் படிப்பார்கள். பாலை மூன்று மடங்காக்கிவிட்டதால், படித்த எண்ணையும் மூன்றால் பெருக்க வேண்டும்.

கோல் 120 காட்டினால் 120 × 3 = 360. அதாவது ஒரு லிட்டர் பாலில் 360 கிராம் உலர் ரப்பர். 20 லிட்டருக்கு 7.2 கிலோ. கோல் 100 காட்டினால் லிட்டருக்கு 300 கிராம்; 20 லிட்டருக்கு 6 கிலோ. நம் இரண்டு வாளிகளின் விடை இதுதான். மரத்தின் வகை, வயது, பருவம், மழை ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு மாறும்.

சின்னத் தவறு, பெரிய இழப்பு

120 என்று படிக்க வேண்டியதை 115 என்று படித்துவிட்டால் என்ன ஆகும்? 5 தானே என்று விட முடியாது. மூன்றால் பெருக்கினால் லிட்டருக்கு 15 கிராம். 20 லிட்டருக்கு 300 கிராம். இதே தவறு 26 வேலை நாள் தொடர்ந்தால் 7.8 கிலோ ரப்பர் கணக்கிலேயே வராது. அதாவது ஒரு முழு நாளின் பாலுக்கும் மேல்! உலர் ரப்பர் எடைக்குக் கூலி பெறுபவருக்கு இது சிறிய விஷயமல்ல.

தவறு எங்கிருந்து வரும்? கண்ணைக் கோட்டுக்கு நேராக வைக்காமல் சாய்ந்து பார்த்தால் எண் மாறும். கோல் குவளையின் சுவரில் ஒட்டினால் சரியாக மிதக்காது. கோலில் காற்றுக்குமிழ்கள் ஒட்டினால் அவை கோலைத் தூக்கிவிடும். ரப்பர் குறைவாகத் தெரியும். பால் சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து கோல் இறங்கும். ரப்பர் கூடுதலாகத் தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கோல் ரப்பரை நேரடியாக அளப்பதில்லை, அடர்த்தியைத்தான் அளக்கிறது. அதிலிருந்து ரப்பரை நாம் ஊகிக்கிறோம். துல்லியம் வேண்டுமென்றால் ஆய்வுக்கூடம்தான் வழி. அங்கே எடை போட்ட பாலை அமிலம் ஊற்றி உறையவைத்து, மெல்லிய தகடாக உருட்டி, கழுவி, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போடுவார்கள். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். மெட்ரோலெக்குக்குச் சில நிமிடம் போதும்.

இதே தத்துவத்தில் வேலை செய்யும் கோல்கள் இன்றும் உண்டு. பட்டறையில் கார் பேட்டரியின் அமிலத்தைச் சோதிப்பது ஒன்று. நொதித்தல் தொழிலில், சர்க்கரை ஆல்கஹாலாக மாறமாற அடர்த்தி குறைவதைப் பார்ப்பது மற்றொன்று.

செய்து பாருங்கள்

உறிஞ்சுகுழல் ஒன்றின் அடிமுனையைக் களிமண்ணால் அடைத்து, தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கும்படி செய்யுங்கள். நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு உப்புத் தண்ணீரிலும், கடைசியாகச் சமையல் எண்ணெயிலும் மிதக்கவிட்டுக் கோடு போடுங்கள். செம்பனை எண்ணெயின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 0.91, ரப்பருக்கு மிக அருகில். மூன்று கோடுகளில் எது மேலே இருக்கும்? முதலில் ஊகித்து எழுதிவைத்துவிட்டு, பிறகு குழலை இறக்குங்கள்.