ஐந்து டாலர் அபராதமும் அறுவைச் சிகிச்சை மேசையும்

1902-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரத்தில் பெரியம்மை பரவியபோது, ஊரில் எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று நகரச் சுகாதார வாரியம் உத்தரவு போட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்துவிட்டார். ஸ்வீடனில் பிறந்தவர் அவர். சிறுவயதில் அங்கே அம்மை குத்தியதால் பட்ட அவதியைக் காரணமாகச் சொன்னார். அவருக்கு 5 டாலர் அபராதம் விதித்தார்கள். அதைக் கட்ட மாட்டேன் என்று அவர் வழக்காடியதில், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1905 பிப்ரவரி 20 அன்று ஏழு நீதிபதிகள் அரசின் பக்கமும் இருவர் எதிர்ப் பக்கமும் நின்றார்கள். ஒரு சமூகத்தில் வாழ்பவருக்கு எல்லாக் காலத்திலும், எல்லாச் சூழலிலும், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத சுதந்திரம் கிடையாது என்று தீர்ப்பு எழுதினார் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். தனிமனித உரிமைக்கும் பொதுநலனுக்கும் இடையிலான சண்டையில் பொதுநலன் வென்ற வழக்கு என்றுதான் இன்றும் பலர் இதைச் சொல்கிறார்கள்.

ஆனால், அந்தத் தீர்ப்பு அரசுக்குக் கொடுத்தது குறைவு. யாரையும் பிடித்து வைத்து ஊசி போட அது அனுமதிக்கவில்லை. அபராதத்தை மட்டுமே சரி என்றது. உடல்நிலை காரணமாக அம்மை குத்திக்கொள்ள முடியாதவரைக் கட்டாயப்படுத்தினால் நீதிமன்றம் தலையிடும் என்றது. நியாயத்துக்குப் பொருந்தாத, மனம்போன போக்கிலான கட்டாயம் செல்லாது என்றும் சொன்னது. பின்னால் வந்தவர்கள் இந்த நிபந்தனைகளையெல்லாம் உதறிவிட்டுக் கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1927 மே 2 அன்று அதே உச்ச நீதிமன்றம், வர்ஜீனியாவில் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று முத்திரை குத்தப்பட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு சில பக்கங்கள்தான். அதில் அவர் துணைக்கு அழைத்த ஒரே முன்தீர்ப்பு ஜேக்கப்சன் வழக்கு. கட்டாயத் தடுப்பூசியைத் தாங்கும் கொள்கை கருக்குழாயை அறுப்பதையும் தாங்கும் என்பது அவர் வாதம். கேரி பக்குக்கு மனவளர்ச்சிக் குறை எதுவும் இருக்கவில்லை, பாலியல் வன்முறையால் கருவுற்றதை மறைக்கவே அவர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் பிற்கால ஆய்வுகளில் வெளியே வந்தது. அமெரிக்க மாநிலங்களில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000-க்கும் மேல்.

ஐந்து டாலர் அபராதத்திலிருந்து அறுவைச் சிகிச்சை மேசைக்கு வர 22 ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. கொள்கை ஒன்றுதான். அதற்குள் மாறியவை மூன்று. பெரியம்மையின் தீங்கு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நேராகப் போனது. கேரி பக்கின் பிள்ளைகளால் சமூகத்துக்கு வரப்போவதாகச் சொல்லப்பட்ட தீங்கு, இனமேம்பாட்டியல் என்ற அந்தக் காலத்துப் போலி அறிவியலின் கற்பனை. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அறுத்ததை ஒட்ட முடியாது. வழக்குப் போட்டு மூன்று ஆண்டுகள் மல்லுக்கு நிற்க ஜேக்கப்சனுக்கு ஒரு சபையும் வழக்கறிஞரும் இருந்தார்கள். கேரி பக்கின் வழக்கறிஞரோ காப்பகத்தை நடத்தியவர்களின் நண்பர். ஆகவே, ‘தனிமனிதனா, சமூகமா’ என்று கேட்பது விவாதத்தைத் தொடக்கத்திலேயே தவறான தடத்தில் ஏற்றிவிடுகிறது. நோக்கம் நல்லதா என்று கேட்டால் எந்த அரசும் ஆம் என்றுதான் சொல்லும். தீங்கு உண்மையா, கட்டாயத்தின் எடை என்ன, அதைச் சுமப்பவர் எதிர்த்துப் பேச இடம் இருக்கிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

இந்தக் கேள்விகளை நீதிமன்றத்துக்கு வெளியே தெருவில் நின்று கேட்டவர்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துத் தொழிலாளர்கள். பிறந்த குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் அம்மை குத்த வேண்டும் என்று 1853-ல் அங்கே சட்டம் வந்தது. 1867-ல் வந்த சட்டம் மறுக்கும் பெற்றோருக்குத் திரும்பத் திரும்ப அபராதம் விதிக்க வழிசெய்தது. வசதியுள்ளவர் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தன் கொள்கையைக் காப்பாற்றிக்கொண்டார். கூலித் தொழிலாளியின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின, சிலர் சிறைக்கே போனார்கள். 1885 மார்ச்சில் பல்லாயிரம் பேர் லெஸ்டரில் ஊர்வலம் போனார்கள். அறிவியல் விஷயத்தில் அவர்கள் பெரும்பாலும் தவறு; அம்மை குத்துவது பயன் தராது என்றுகூட நம்பினார்கள். அவர்களின் மனக்குறையில் தவறில்லை. நகர நிர்வாகம் வேறு வழி தேடியது. அம்மை கண்டவரைப் பற்றி உடனே தெரிவிப்பது, அவரை மருத்துவமனையில் தனியாக வைப்பது, அவரோடு பழகியவர்களை ஒதுக்கிவைத்து அவர்கள் இழக்கும் கூலிக்கு ஈடு கொடுப்பது என்ற முறை அங்கே உருவானது. இதுவும் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவதுதான். ஆனால், நோய் இருக்கும் இடத்தில், நோய் இருக்கும்வரை மட்டும்; அதுவும் இழப்பீட்டோடு. அரசு அமைத்த விசாரணைக் குழு ஏழு ஆண்டுகள் ஆராய்ந்து 1896-ல் அறிக்கை தந்தது. 1898-ல் மனச்சாட்சியின் பேரில் விலக்கு கேட்க சட்டத்தில் இடம் வந்தது. போர்க்காலத்தில் ராணுவத்தில் சேர மறுப்பவர்களுக்கு வழங்கும் ‘மனச்சாட்சியின்படி மறுப்பவர்’ என்ற ஆங்கில வழக்கு இந்த அம்மைச் சண்டையில்தான் பரவலானது. நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் விருந்தாளிகள் வரமாட்டார்கள், அந்த வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். போலீஸ் இல்லாமல் ஒரு தெரு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்ட முறை அது. இழப்பீடு மட்டும்தான் இல்லை.

பொதுநலனின் பெயரால் அரசு இந்த மூன்று கேள்விகளையும் மிதித்துக் கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், அன்றைய சுகாதார அமைச்சர் கரண் சிங் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தார். கட்டாயக் கருத்தடைக்கு மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்றது அது. மகாராஷ்டிர சட்டமன்றம் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றவும் செய்தது. வட மாநிலங்களில் அதற்குச் சட்டமே தேவைப்படவில்லை. ஆசிரியருக்கு இலக்கு, வருவாய்த் துறை ஊழியருக்கு இலக்கு. இலக்கை எட்டாதவருக்குச் சம்பளம் நிறுத்தம். முந்தைய ஆண்டில் 27 லட்சமாக இருந்த கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் 1976-77-ல் சுமார் 83 லட்சமாயின. அதில் 62 லட்சம் ஆண்களுக்கு. கருத்தடையோடு தொடர்புடைய 1,774 மரணங்களை, நெருக்கடிநிலை அத்துமீறல்களை ஆராய்ந்த ஷா விசாரணைக் குழு பதிவுசெய்தது. 1977 மார்ச் தேர்தலில் காங்கிரஸ் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பிஹாரின் 54 தொகுதிகளிலும் ஒன்றில்கூட வெல்லவில்லை. மறு ஆண்டு கருத்தடை எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. ஆண்கள் அந்த மேசைக்குத் திரும்பவே இல்லை: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கருத்தடை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். சிறிய, எளிய அறுவையை நாடு கைவிட்டுப் பெரிய அறுவையைப் பெண்களின் தலையில் கட்டியதில் நெருக்கடிநிலையின் அந்த இருபத்தோரு மாதங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

‘முறை தவறாக இருக்கலாம், மக்கள்தொகை பெருகியது உண்மைதானே, கட்டாயம் இல்லாமல் அதை எப்படிக் குறைத்திருப்பீர்கள்?’ என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அமர்த்தியா சென் வைத்த ஒப்பீடு போதும். 1979-ல் சீனா ஒற்றைக் குழந்தைக் கொள்கையைக் கொண்டுவந்தபோது அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள், 1991-ல் 2.0. அதே காலத்தில் கேரளத்தில் 3.0 என்பது 1.8 ஆனது, தமிழ்நாட்டில் 3.5 என்பது 2.2 ஆனது. பெண்கள் படித்தார்கள், பிறந்த குழந்தைகள் பிழைத்தன, ஆரம்ப சுகாதார நிலையங்கள் இயங்கின. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் தீவிரமாக நடந்தது, செவிலியர்கள் வீடு வீடாகப் போய் வற்புறுத்தியதும் உண்டு. அதைப் பூமாலையாகச் சித்தரிக்க வேண்டியதில்லை. ஆனால், வற்புறுத்தலுக்கும் சம்பளத்தை நிறுத்துவதற்கும் தூரம் இருக்கிறது. சீனா கட்டாயத்தால் அடைந்ததைவிட வேகமான சரிவை இந்த இரு மாநிலங்களும் கட்டாயம் இல்லாமல் அடைந்தன.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. குழந்தைப் பேற்றுக்குப் பத்தாண்டு காத்திருக்கலாம், தொற்றுநோய் காத்திருக்காது. 1974-ல் பிஹாரில் பெரியம்மை வெடித்தபோது, ஒழிப்புப் பணியின் கடைசிக் கட்டத்தில் இரவில் வீடு புகுந்து, கதவை உடைத்து, திமிறியவர்களைப் பிடித்து ஊசி போட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வரலாற்றாசிரியர் பால் கிரீனோ அவற்றை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. பலன் கிடைத்ததே என்று கேட்டால், கிடைத்தது என்பதை மறைப்பதில் நேர்மையில்லை. எதனால் கிடைத்தது என்பதுதான் கேள்வி. வீடு வீடாகத் தேடி நோயாளியைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் அம்மை குத்திய உத்தியும், தகவல் சொன்னவர்களுக்கு ரொக்கப் பரிசு தந்ததும் அந்தப் பணியின் முதுகெலும்பு. உடைத்த கதவுகள் சில கிராமங்களில் சில நாட்களை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

அந்த மிச்சத்துக்கும் நெருக்கடிநிலைக் கட்டாயத்துக்கும் சேர்த்து வட்டியைப் பின்னால் வந்தவர்கள் கட்டினார்கள். 2002-ல் இந்தியாவில் 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளைகள் மலடாகிவிடுவார்கள் என்ற வதந்தி அந்த மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில், முஸ்லிம் குடியிருப்புகளில், வலுவாக ஓடியது. உலகத்தில் எத்தனையோ வதந்தி கிளம்பலாம். குறிப்பாக இந்த வதந்தி, குறிப்பாக அந்த மண்ணில் ஏன் எடுபட்டது? ‘நஸ்பந்தி’ (கருத்தடை) என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டைப் பூட்டிக்கொண்டு வயலுக்கு ஓடிய தலைமுறை அங்கே தாத்தா பாட்டிகளாக உட்கார்ந்திருந்தது. அரசு இந்த முறை சட்டத்தை எடுக்கவில்லை. அந்தந்தத் தெருப் பெண்களையே பணிக்கு எடுத்தார்கள். மதத் தலைவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு முதலில் சொட்டு மருந்து கொடுத்துக் காட்டினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவர்கள் கூட வந்தார்கள். வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. 2009-ல்கூட 741 பேர். பிறகு 2010-ல் 42. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒன்று. அதுதான் கடைசி.

மறுதரப்பின் வாதத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். ‘என் உடல், என் முடிவு, மற்றவர்கள் ஊசி போட்டுக்கொண்டால் அவர்களுக்குப் பாதுகாப்பு, எனக்கு என்ன கட்டாயம்?’ என்பது பெருந்தொற்றுக் காலத்தில் அதிகம் கேட்ட வாதம். தட்டம்மைக்கு இது பொருந்தாது. ஊரில் சுமார் 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். தடுப்பூசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தையும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும் அந்த 95 சதவீதத்தின் நிழலில்தான் ஒதுங்கியிருக்கிறார்கள். அங்கே மறுப்பவர் தன் உடலை மட்டும் பணயம் வைக்கவில்லை. ஆகவே, பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசிச் சான்று கேட்பது, மறுத்தால் அரசு உதவித்தொகையை நிறுத்துவது போன்றவை நியாயமாக இருக்கக்கூடும். கலிஃபோர்னியாவும் ஆஸ்திரேலியாவும் அப்படிச் செய்கின்றன. ஆனாலும் உதவித்தொகை நிறுத்தம் ஏழையின் வயிற்றில்தான் அடிக்கும் என்பதை லெஸ்டர் ஊர்வலத்தார் ஆஸ்திரேலியர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கரோனா தடுப்பூசியின் கணக்கு வேறு. அது கடுமையான நோயையும் சாவையும் நன்றாகத் தடுத்தது. ஒமைக்ரான் வகை வந்த பிறகு பரவலைத் தடுப்பதில் அதன் திறன் குறைந்துபோனது. பிறரைக் காப்பதற்காக என்ற காரணம் எந்த அளவுக்கு மெலிகிறதோ, அந்த அளவுக்குக் கட்டாயமும் மெலிந்தாக வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் 2021 நவம்பரில், 1939-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தைத் துணைக்கொண்டு, தடுப்பூசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இதுபோன்ற மாநில உத்தரவுகளை எதிர்த்து மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவ், பி.ஆர்.கவாய் அமர்வு தீர்ப்பளித்தது. யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. அது அரசமைப்பின் 21-வது கூறு காக்கும் உடல்சார் உரிமை. அதேசமயம், பொதுநலனுக்காக அளவோடு கட்டுப்பாடுகள் விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால், போடாதவரிடமிருந்து நோய் பரவும் ஆபத்து போட்டவரிடமிருந்து பரவுவதைவிட அதிகம் என்று காட்டும் தரவு எதையும் மாநிலங்கள் முன்வைக்கவில்லை. தொற்று குறைவாக இருக்கும்வரை அந்தக் கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்யட்டும் என்றது. தீர்ப்பு வந்த நாள் 2022 மே 2. கேரி பக்குக்கு எதிரான தீர்ப்பு வந்து அன்றோடு சரியாக 95 ஆண்டுகள், தற்செயல்தான்.

நீதிமன்றம் கேட்ட தரவை, உத்தரவு போடும்போதே தர வேண்டும் என்று கேட்கும் சட்டம் நம்மிடம் இல்லை. 2020-ல் மத்திய, மாநில அரசுகள் கையில் எடுத்தது 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாக எழுதப்பட்ட, நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம். அது வந்த ஆண்டிலேயே பூனாவில் ராணுவத்தினர் வீடு புகுந்து சோதனையிட்டதில் மக்கள் கொதித்தார்கள். பிளேக் அதிகாரி ராண்ட் மீது ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள், ராண்ட் இறந்தார். 2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். சுகாதாரப் பணியாளரைத் தாக்குபவருக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறை என்று சேர்த்தது தேவையான திருத்தம்தான். கட்டுப்பாடு எத்தனை நாள் நீடிக்கலாம், அதை யார் மறுபரிசீலனை செய்வது, ஒதுக்கிவைக்கப்பட்டவரின் கூலிக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரியும் சேர்க்கவில்லை. நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் அதிகாரிகள்மீது வழக்குத் தொடர முடியாது என்ற நான்காவது பிரிவு, 1897-ல் எழுதியபடியே இருந்தது.