சிறு காரின் வெப்பநிலை உணரிகள்: செயற்பாடும் பேணலும்

பெற்றோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, குளிர்த்தும் திரவத்தின் வழியே வெப்பமாக வெளியேறுகின்றது. இவ்வெளியேற்றம் தடைப்படின் அலுமினியத்தாலான உருளைத்தலை வளைந்து எஞ்சினே பாழாகலாம். அத்தகைய நட்டத்தை முன்னறிவிக்கும் பொறுப்பு, விரலளவேயான வெப்பநிலை உணரியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஆயினும் வண்டியை உடையோருள் இதன் இயல்பை அறிந்தோர் சிலரே.

உலோகங்களின் மின்தடை வெப்பமேற ஏறக் கூடும். இதற்கு மாறாக, வெள்ளிச் சல்பைட்டின் தடை வெப்பமேறும்போது குறைவதை மைக்கேல் பரடே 1833ஆம் ஆண்டில் அவதானித்தார். இவ்வியல்பே இன்றைய உணரியின் அடிப்படையாகும். மங்கனீசு, நிக்கல் முதலியவற்றின் ஒட்சைட்டுக்களாலான சிறு மணியொன்று பித்தளை உறையினுள் அடைக்கப்பட்டிருக்கும். பரவலாகப் பயன்படும் வகையொன்றில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓமாக உள்ள தடை, 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு வீழ்கின்றது. கட்டுப்பாட்டுக் கணினி நிலையான தடையொன்றினூடாக 5 வோல்ற்றை இதற்கு வழங்கி, உணரியின் இருமுனைகளிடையேயுள்ள அழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். கணினி அறிவது தடையை மட்டுமேயன்றி வெப்பத்தை அன்று. கம்பி அறுந்தால் தடை எல்லையின்றி உயரும். அதனைக் கணினி கடுங்குளிர் எனக் கொள்ளும். பழைய அமைப்புகளில் இதனால் எரிபொருள் மிகையாகப் பாய்ந்து கரும்புகை எழும். பிந்திய அமைப்புகள் தவறை இனங்கண்டு, மாற்றுப் பெறுமானமொன்றைக் கொண்டு, விசிறியை இடையறாது இயக்குவதுண்டு.

இதனினும் ஆபத்தான நிலையொன்றுண்டு. திரவம் ஒழுகிக் குறைந்தால் உணரி வெறும் வளியில் நிற்கும். அப்போது எஞ்சின் கொதித்தாலும் முள் உயராதிருக்கலாம். ஆகவே முள் தாழ்ந்திருத்தல் நலத்தின் சான்றாகாது. திரவ மட்டத்தைக் கண்ணாற் காண்பதே சான்றாகும்.

பேணல் முறை எளிது. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே றேடியேற்றர் மூடியைத் திறத்தல் வேண்டும். அழுக்கத்தின் கீழுள்ள நீர் 100 பாகைக்கு மேலும் திரவமாகவே நின்று, மூடி அகன்றதும் பீறிட்டெழும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கற் படையிலிருந்து பெறப்படும் வன்னீராதலின், அதன் படிவு உணரியையும் குழாய்களையும் மூடும். காய்ச்சி வடித்த நீருடன் உரிய குளிர்த்தியைக் கலந்து இடுவதே தக்கது. இணைப்பிகளின் பச்சைக் களிம்பை அகற்றுதலும் அவசியம்.

உணரியிற் பழுது இருப்பதாக ஐயுறின், அதனை வாங்கி மாற்றுவதற்கு முன் சோதித்தல் வேண்டும். கழற்றிய உணரியின் முனையை நீரில் அமிழ்த்தி, வெப்பமானியை அருகில் வைத்துச் சூடாக்கி, ஓம்மானியால் தடையை அளக்கலாம். தடை சீராகக் குறைந்து வண்டிக்குரிய கைந்நூலின் பெறுமானங்களோடு பொருந்தின் உணரி நலமே. குறை கம்பியிலோ, இணைப்பியிலோ, வெப்பநிலைநிறுத்தியிலோ இருத்தல் கூடும்.

இச்சோதனைக்கு வேண்டியவை பாடசாலை ஆய்வுகூடத்திலேயே உள்ளன. எனினும், சோதியாது பாகங்களை மாற்றும் வழக்கத்தால் அந்நியச் செலாவணியும் உழைப்பாளியின் ஊதியமும் ஒருங்கே வீணாகின்றன. உயர்தர வகுப்பில் ஓமின் விதியைக் கற்ற மாணவன் அதனைத் தன் தெருவில் நிற்கும் வண்டியிற் பிரயோகிக்க இயலாதிருப்பின், குறை அம்மாணவனிடத்தன்று. அறிவையும் தொழிலையும் வேறுபிரித்து வைத்துள்ள நமது கல்விமுறையிடத்தேயாம். பட்டறைத் தொழிலாளரின் கைத்திறனும் பௌதிக விதியும் தமிழில் ஒருங்கே பயிலப்படும்போதே இயந்திரங்கள் மீதான நமது ஆளுகை முழுமையுறும் எனக் கருதுகின்றோம்.